புகை பார்க்கப் போன ஜீப்

“…அதாலதான் தம்பி சொல்லுறன், புகை என்ர ஜீப்பில இல்லை, உங்கட மெஷினில,” என்று பெரியப்பா சொல்லி முடித்தபோது, புகைச் சோதனை நிலையத்துப் பெடியன் கையிலிருந்த தாளை ஒருமுறை பார்த்தான், ஜீப்பின் பின்பக்கத்தை ஒருமுறை பார்த்தான். அங்கே, புகைக்குழாய்க்கு நேரே, வெள்ளைச் சுவரில் சட்டியின் அடியளவுக்கு ஒரு கறுப்பு வட்டம் விழுந்திருந்தது. நாங்கள் வரும்போது அந்தச் சுவர் வெறும் வெள்ளையாக இருந்தது என்பதற்கு நானே சாட்சி. ஆனால் ஒன்பது வயதுப் பெட்டையிடம் யார் சாட்சி கேட்கிறார்கள்?

பெடியன் வாக்குவாதப்படவில்லை. “பெயில்தான் ஐயா. திருத்திக்கொண்டு வாங்கோ,” என்று தாளை நீட்டினான்.

அது வெறும் தாள் அல்ல. புகைச் சோதனையில் தேறாத வாகனத்துக்கு வருட லைசன் கிடையாது. பெரியப்பாவின் பழைய லைசன் அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. அவருடைய ஜீப், திரியாய்க் கடற்கரையில் மீன் ஏற்றுகிற ஜீப். லொறி மணலில் புதைந்துவிடும், ஜீப் புதையாது. அந்த ஒரு திறமைக்காகத்தான் கரைவலைக்காரரின் மீன்பெட்டிகளைக் கரையிலிருந்து ஏற்றித் திருகோணமலைச் சந்தையில் இறக்குகிற வேலை அவரிடம் இருந்தது. வழியில் பொலிஸ் மறிக்கும், லைசன் கேட்கும். லைசன் இல்லாமல் முதலாம் திகதி கரைப் பக்கம் வரவேண்டாம் என்றும், ட்ரக்டர் வைத்திருக்கிற ஒருவர் அந்த வேலையைக் கேட்டு நிற்கிறார் என்றும் மீன் முதலாளி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். பெரியப்பா வீட்டில் உலை வைப்பது அந்த ஜீப்பை நம்பித்தான்.

எங்கள் வீடும் பெரியப்பா வீடும் லிங்கநகரில் ஒரே வளவுக்குள். அப்பா கட்டாரில் இருந்தார். பாடசாலை விடுமுறைக் காலம் என்பதால் நான் வளவுக்குள் சும்மா சுற்றிக்கொண்டிருந்தேன். என்னை அவர் கூட்டிப்போனதற்குக் காரணம் என் முகராசி. ஒருமுறை நான் முன் சீற்றில் இருந்தபோது பொலிஸ் மறிக்காமல் கைகாட்டி விட்டதாம். அன்றிலிருந்து ஜீப்புக்கு ஒரு கண்டம் என்றால் எனக்கு அழைப்பு வரும்.

அன்று விடியவே ஜீப்பைக் கழுவி, திருநீறு பூசி, நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்து நசித்துத்தான் புறப்பட்டோம். பெரியம்மா சாம்பிராணித் தட்டைத் தூக்கிக்கொண்டு ஜீப்பை மூன்று முறை சுற்றி வந்தார். புகைச் சோதனைக்குப் போகிற வாகனத்துக்குச் சாம்பிராணிப் புகை போட்ட குடும்பம் இந்தத் தீவில் நாங்கள் ஒன்றாகத்தான் இருக்கும். பெரியப்பா புதுச் சேர்ட் போட்டிருந்தார். சோதனையில் படம் பிடிப்பார்கள் என்று யாரோ சொல்லியிருந்ததால் சேர்ட் பையில் சீப்பும் இருந்தது. பிடித்தது இலக்கத் தகட்டைத்தான். அது வேறு கதை.

சனிக்கிழமை. ஒன்பதேகாலுக்கே நிலையத்துக்கு வந்துவிட்டோம். வாசலில் ஒரு வாகனமும் இல்லை. நேரே உள்ளே விட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஒன்பது மணிக்கு ராகு காலம் தொடங்கிவிட்டது. பத்தரை வரைக்கும் நுழையக்கூடாது என்று பெரியம்மா கலண்டரைப் பார்த்துச் சொல்லி அனுப்பியிருந்தார். பெரியப்பாவும் அதில் நம்பிக்கை உள்ளவர்தான். எதிரே மரநிழலில் ஜீப்பை நிறுத்தி, டீசலை ஏன் வீணாக்குவான் என்று இயந்திரத்தையும் ஓய வைத்தார். எனக்கு ஓர் ஐஸ் சொக் கிடைத்தது. எங்கள் கண்ணுக்கு முன்னால் பதினொரு வாகனங்கள் போய்ப் புகை பார்த்துவிட்டு வெளியே வந்தன. பத்து முப்பத்தொன்றுக்கு நாங்கள் உள்ளே நுழைந்தோம். ஜீப் கிணற்றடிக் கல்லைப்போலக் குளிர்ந்திருந்தது.

பழைய டீசல் வாகனம் சூடாக இருந்தால்தான் கொஞ்சமாவது சுத்தமாக மூச்சு விடும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. புகைக்குழாய்க்குள் ஒரு கம்பியைச் செருகிவிட்டு, பெடியன் சப்பாத்துக் காலோடு ஜீப்பில் ஏறினான். பெரியப்பா அந்த ஜீப்புக்குள் செருப்போடு ஏறியதே இல்லை. அதற்கே முகம் மாறிவிட்டது. அவன் எக்ஸலேற்றரைத் தரையோடு தரையாக மிதித்தபோது ஜீப் போட்ட சத்தத்தில் நான் காதைப் பொத்திக்கொண்டேன். பெரியப்பா ஓடிப்போய், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோலப் பொனற்றில் கையை வைத்தார். அவன் இன்னும் பலமுறை மிதித்தான். அப்படித்தான் அந்தக் கறுப்பு வட்டம் வந்தது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பெரியப்பா மெஷினைத் திட்டினார். வந்தபின் கலண்டரைத் திட்டினார். கலண்டரைக் கொழுவிய ஆணியையும் திட்டினார். பெரியம்மா சோறு போட்டார். என் முகராசியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை, ஆனால் பொரித்த மீனில் நடுத்துண்டு அன்று எனக்கு வரவில்லை.

அடுத்த இரண்டு நாளும் வளவுக்குள் வைத்தியர்களின் வரவுதான். டீசலோடு மண்ணெண்ணெய் கலக்கச் சொல்லி ஒருவர் வந்தார். புகைக்குழாய்க்குள் ஈரச் சாக்கு வைத்தால் புகை அடங்கும் என்று இன்னொருவர். ஓய்வுபெற்ற பஸ் சாரதி ஒருவர் ஜீப்பைச் சுற்றி வந்து, பெருமூச்சு விட்டு, ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். பெரியப்பாவுக்கு அவர்மேல்தான் கோபம் அதிகம்.

கடைசியில் கிண்ணியாவில் கராஜ் வைத்திருந்த முஸ்லிம் மெக்கானிக்கிடம் போனோம், எல்லோருக்கும் அவர் நானா. நானா காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்டினார். திரியாய் மணல் ஒரு குவியலாக விழுந்தது. “அண்ணே, இதுக்குள்ள வெங்காயம் நட்டிருக்கலாமே,” என்றார். பிறகு அதையும் இதையும் கழுவிப் பூட்டி, இந்த முறை ஜீப்பை நன்றாக ஓடிச் சூடாக்கி, சூடு ஆறுமுன் உள்ளே விடவேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டார். பெரியப்பாவுக்கு ஒன்றைப் படித்துப் படித்துச் சொன்னால் அவர் அதை அளவுக்கு மிஞ்சித்தான் செய்வார்.

புதன்கிழமை புறப்பட்டோம். ராகு காலம் மதியம், காலை தடையில்லை. பெரியம்மாவும் கூட வந்தார். அவருக்குத் தொய்வு வருத்தம், மூச்சு இழுக்கும். மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் மருந்து எடுக்க வேண்டும், அது அந்தப் புதன்கிழமை. சோதனை முடிய அப்படியே இறக்கிவிடுகிறேன் என்று பெரியப்பா சொல்லியிருந்தார். முதலில் நிலாவெளிக்கு ஓடித் திரும்பினோம். போதாது என்று இன்னொருமுறை ஓடினோம். ஜீப்பின் தரையில் கால் வைக்க முடியாத சூடு. பெரியப்பாவின் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

நிலையத்தில் எங்களுக்கு முன்னால் ஏழு வாகனங்கள்.

பெரியப்பா இயந்திரத்தை நிறுத்தவில்லை. வரிசையில் நின்றபடியே ஜீப் இரைந்துகொண்டிருந்தது. இடையிடையே, சூடு குறைந்துவிடுமோ என்று எக்ஸலேற்றரை அமத்துவார், பின்னால் ஒரு கறுப்பு மேகம் எழும்பும். எங்களுக்குப் பின்னால் நின்ற வான்காரர் கண்ணாடியை ஏற்றினார். பிறகு இறங்கி வந்து மரியாதையாகக் கேட்டார். பிறகு மரியாதை இல்லாமல் கேட்டார். பெடியனும் வந்தான்.

“ஐயா, கொஞ்ச நேரம் ஓஃப் பண்ணுங்கோவன்.”

“ஓஃப் பண்ணினா ஆறிப்போகும். ஆறினா பெயில் எண்டு எழுதுவியள். அந்த விளையாட்டு இனி என்னட்ட ஏலாது.”

நிழல் இருந்தது பின்சுவரோரம் மட்டும். பெரியம்மா அங்கே கிடந்த மர வாங்கில் போய் இருந்தார். ஜீப்பின் வாலும் அந்தப் பக்கம்தான். முதலில் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினார். பிறகு இருமினார். கொஞ்ச நேரத்தில் அவருடைய நெஞ்சுக்குள்ளிருந்து, எண்ணெய் காணாத கதவைத் திறப்பதுபோல ஒரு சத்தம் வரத் தொடங்கியது. கைப்பையிலிருந்த இன்ஹேலரை எடுத்து இழுத்தார். பெடியன்தான் அதை முதலில் கண்டு ஒரு கோப்பையில் தண்ணீர் கொண்டுபோனான். அம்மா, எழும்பி உள்ளே கதிரையில் வந்து இருங்கோ, இந்தப் புகை உங்களுக்குக் கூடாது என்றான்.

பெரியம்மா தண்ணீரை வாங்கிக்கொண்டு சிரித்தார். மூச்சுக்கு மூச்சு நிறுத்தித்தான் சொன்னார்.

“இதென்ன தம்பி புதுசே? வீட்டில நாள்தோறும் விடியக் குடிக்கிறதுதானே.”

குறை சொல்கிற குரல் அல்ல அது. கடையில் என்ன மீன் என்று கேட்டால் சொல்வார்களே, அப்படி. விஷயம் உண்மையும்கூட. வீட்டில் ஜீப் நிற்கிற கொட்டில் குசினி யன்னலோடு ஒட்டியது, ஜீப்பின் வால் யன்னலைப் பார்த்தபடி. விடிய ஐந்து மணிக்குப் பெரியப்பா அதை ஸ்டார்ட் செய்து, இயந்திரத்தின் சுகத்துக்காகக் கால் மணித்தியாலம் அப்படியே இரைய விடுவார். அந்த நேரத்தில்தான் பெரியம்மா உள்ளே நின்று அவருக்குக் கட்டிக்கொடுக்கப் புட்டு அவிப்பார். எனக்கோ, புகையைத் தேத்தண்ணிபோலக் குடிக்கிற கதை பெரிய பகிடியாகத் தெரிந்தது. வாய்விட்டுச் சிரித்தேன். வேறு ஒருவரும் சிரிக்கவில்லை.

ஜீப்பின் இரைச்சல் திடீரென்று நின்றது. பெரியப்பா திறப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார். எங்களுக்கு முன்னால் இன்னும் நாலு வாகனங்கள் இருந்தன.

எங்கள் முறை வந்தபோது ஜீப் ஆறிப்போயிருந்தது. மறுபடியும் பெயில். போனமுறையைவிடக் குறைவுதான், ஆனாலும் பெயில். நான் ஒரு நல்ல சண்டையை எதிர்பார்த்து நின்றேன். பெரியப்பா மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கிளினிக்கில் எத்தனை மணி வரைக்கும் இலக்கம் கொடுப்பார்கள் என்று பெரியம்மாவைக் கேட்டார். அவ்வளவுதான். இவ்வளவு பாடும் பட்டுவிட்டுச் சண்டை பிடிக்காமல் வருவதா என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது.

மாதம் முடிய மூன்று நாள்தான் இருந்தது. திரும்பவும் கிண்ணியா. நானா இந்த முறை பகிடி விடவில்லை. டீசல் பம்ப்பில் இருந்த ஒரு சின்னத் திருகாணியை ஸ்பனரால் பிடித்து அரைச் சுற்றுத் திருப்பினார். டீசல் குறையும், புகை குறையும், இழுவையும் குறையும் என்றார். பாஸ் எடுத்துக்கொண்டு வாங்கோ, திரும்ப ஏற்றிவிடுகிறேன், எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்றார்.

இழுவை குறைந்தது கண்கூடு. கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போது சைக்கிளில் வந்த ஒரு தபால்காரர் எங்களைத் தாண்டிப்போனார். போகும்போது எங்களுக்குத் தலையாட்டிவிட்டும் போனார். ஆனால் நிலையத்தில் ஜீப் பச்சைப்பிள்ளைபோல மூச்சு விட்டது. பெடியன் தாளை இரண்டு கையாலும் நீட்டி, “இண்டைக்கு மெஷின் நல்லா வேலை செய்யுது ஐயா,” என்றான். பெரியப்பா அதற்கும் சிரிக்கவில்லை. தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தார். “இது ஜீப்புக்குக் கிடைச்ச பாஸ் இல்லை, ஆணிக்குக் கிடைச்ச பாஸ்,” என்று என்னிடம் சொன்னார்.

அன்றே நானாவிடம் திரும்பிப் போனோம். ஆணியைக் கொஞ்சம் குறைந்தபடியே விட முடியாதா என்று பெரியப்பா கேட்டார். பாதியாவது, காலாவது என்று நின்று மன்றாடினார். வெறும் ஜீப் என்றால் ஓடும், மீன்பெட்டி ஏற்றினால் திரியாய் மணலில் அப்படியே இருந்துவிடும் என்றார் நானா. பெரியப்பா ஜீப்பின் பின்பக்கம் போய்ப் புகைக்குழாயை விரலால் துடைத்துப் பார்த்தார். பிறகு ஆணியைப் பழையபடி திருப்பச் சொன்னார். திரும்பி வரும்போது பாலத்தில் எங்கள் பின்னால் பழைய கறுப்பு மேகம் வந்தது. இவ்வளவு அலைச்சலும் எதற்கு என்று நான் நினைத்தேன். அடுத்த நாள் லைசன் கிடைத்தது.

முதலாம் திகதி விடிய நான் பல்லுத் தீட்டக் கிணற்றடிக்குப் போனேன். வழக்கமாக அந்த நேரத்துக்கு வளவே அதிரும். அன்று கோழிச் சத்தம்தான் கேட்டது. கொட்டிலைப் பார்த்தேன். பெரியப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, கதவு நிலையில் தோளைக் கொடுத்து ஜீப்பைத் தன்னந்தனியே தள்ளிக்கொண்டிருந்தார். குசினி யன்னலில் வெளிச்சம் எரிந்தது. புட்டு வாசம் வந்தது.

பற்றரி செத்துப்போச்சா பெரியப்பா என்று ஓடிப்போய்க் கேட்டேன்.

“ஓம் பிள்ளை, பற்றரி சரியில்லை.”

லைசன் வந்தால் பற்றரி போகிறது, இந்த ஜீப் ஒருநாளும் உருப்படாது என்று எனக்கு வெறுத்துப்போனது. அம்மாவைக் கூப்பிடவா என்றேன். வேண்டாம், போய் முகத்தைக் கழுவு என்றார். வளவு ஒழுங்கைப் பக்கம் கொஞ்சம் சரிவு. வாசல் படலையைத் தாண்டியபின் ஜீப் தானாகவே உருளத் தொடங்கியது, அவர் கூடவே நடந்தார். அடுத்த வீட்டைத் தாண்டி, அதற்கடுத்த வெறும் காணியின் வேலியோரம் வந்ததும் பிரேக்கை இழுத்து நிறுத்தினார். சாரத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தார். திரும்பி எங்கள் வளவை ஒருமுறை பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி இருந்து, திறப்பைத் திருப்பினார். ஒரே திருப்பில் ஜீப் ஸ்டார்ட் ஆனது.