மெதுவா மேடம்

பொத்தானை அழுத்தியதும் நாற்காலியை இரண்டடி பின்னுக்குத் தள்ளிக்கொள்வார். கணினித் திரையில் ஓர் இரும்பு உருண்டை இறங்கிவந்து ஒரு பேட்டரியை நசுக்கும். நிஜப் பேட்டரி இல்லை. லட்சக்கணக்கான சின்னஞ்சிறு கட்டங்களால் ஆன படம். உள்ளே ஏதாவது கிழிந்தால் ஒரு கட்டம் சிவப்பாகும், அவ்வளவுதான். ஆனாலும் அவருடைய கால்கள் தரையைவிட்டு எழும்பிவிடும். “மெதுவா… மெதுவா…” என்று உருண்டையிடம் கெஞ்சுவார். அலுவலகத்தில் ‘மெதுவா மேடம்’ என்று பெயர் விழுந்தது இப்படித்தான்.

நாற்பத்தாறு வயது. மின்சார வண்டி மோதி நசுங்கினால் அதன் பேட்டரி எத்தனை மில்லிமீட்டர் வரை தாங்கும் என்று கணக்குப் போடுவது பதினோரு வருட வேலை. பேட்டரிக்குள் இரண்டு தகடுகளுக்கு நடுவே தலைமுடியைவிட மெல்லிய ஒரு தாள் இருக்கிறது. அது கிழிந்தால் நெருப்பு. அந்தத் தாளின் நினைவு வீடுவரை கூடவே வரும். மகளின் போனை மேசைமேல் போட்டுப் பம்பரம்போலச் சுற்றிப் பார்ப்பார். பேட்டரி உப்பி முதுகு புடைத்திருந்தால் சுற்றும்.

“அம்மா, அது போன்மா. வெடிகுண்டு இல்ல.”

“உங்கம்மாவுக்கு அகல்விளக்கே காட்டுத்தீ மாதிரிதான்டி தெரியும்” என்பார் கணவர்.

போன மாதம் ஒரு புது பேட்டரி வந்தது. திரையில் ஆறு மில்லிமீட்டர் நசுக்கியபோது, மூலையில் ஒரே ஒரு கட்டம் சிவந்தது. மேலாளர் எட்டிப் பார்த்தார். “இது கணக்குல வர்ற பிசிறுங்க. விட்டுட்டு, ‘ஆறு வரைக்கும் பத்திரம்’னு எழுதிக் கொடுங்க.”

அவருக்குக் கை வரவில்லை. நிஜமாகவே ஒன்றை நசுக்கிப் பார்க்கலாம் என்று மன்றாடினார்.

இரும்புக் கதவு போட்ட அறைக்குள் அழுத்து இயந்திரம் இறங்கி, ஆறில் நின்றது. புகை இல்லை, சத்தம் இல்லை. விதிப்படி அரை மணி காத்திருந்தார்கள்.

“பாத்தீங்களா? உங்க சிவப்புக் கட்டம் லீவுல போயிடுச்சு” என்று மேலாளர் சிரித்தார். இயந்திரம் ஓட்டுபவர் பேட்டரியை எடுத்துவரக் கையுறையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அப்போதுதான் மெதுவா மேடம் சுவரிலிருந்த திரையில் பேட்டரியின் மின்னழுத்த எண்ணைக் கவனித்தார். கடைசி இலக்கம் ஒன்று குறைந்தது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. உள்ளே ஏதோ சொட்டுச் சொட்டாக ஒழுகுவதுபோல. போய்க் கதவில் முதுகை வைத்து நின்றுகொண்டார்.

“போகாதீங்க அண்ணே.”

“அரை மணி ஆயிடுச்சு மேடம். அசைவே இல்லாம கெடக்குது.”

“தெரியும். இன்னும் கொஞ்ச நேரம். எனக்காக.”

இது கணக்கா, வீட்டில் போனைச் சுற்றிப் பார்க்கிற அதே பயமா என்று அவருக்கே பிடிபடவில்லை. ஐந்து நிமிடம் போயிற்று. பத்து நிமிடம் போயிற்று.

“எவ்வளவு நேரம் இப்படி மறிச்சிட்டு நிப்பீங்க?” மேலாளரின் குரலில் இப்போது சிரிப்பில்லை.

“தெரியல சார். வேணும்னா என்னைத் தள்ளிட்டுப் போங்க.”

அவர் சொல்லி வாய் மூடுமுன் கதவு முதுகில் அதிர்ந்தது. கண்ணாடிச் சன்னல் வெள்ளையாகி, செம்மஞ்சளாகி, ஒரேயடியாகக் கறுத்தது. உள்ளே இயந்திரம் இருந்த இடமே தெரியவில்லை. மேலாளர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“இந்நேரம் அதத் தூக்கியிருப்பேனே மேடம்…” என்றார் இயந்திரம் ஓட்டுபவர், பாதிக் குரலில்.

மெதுவா மேடம் அவருடைய வலது கையைப் பிடித்துக் கையுறையை உருவினார். கட்டைவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தார். சுண்டுவிரல் முடிந்ததும், இன்னொரு கையையும் நீட்டச் சொல்லித் தலையசைத்தார்.