கிட்டங்கியில் பார்த்த நாலு டார்ச்

எங்கள் அப்பா தோணியில் போகிறவர். பழைய துறைமுகத்திலிருந்து வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகிற மரத் தோணி அது. தண்டலையும் சேர்த்து ஒன்பது பேர். தோணித் தலைவரை எங்கள் பக்கத்தில் தண்டல் என்போம். வைகாசியில் காற்று திரும்பிவிட்டால் தோணிகள் கரையோடு கட்டிக் கிடக்கும், ஆவணி கழிந்துதான் மறுபடி ஓட்டம். அந்த மாதங்களில் அப்பா வீட்டில் இருப்பார். மற்ற வருடங்களில் எனக்கு அது கொண்டாட்டமான காலம். நான் ஏழாம் வகுப்பில் இருந்த வருடம் மட்டும் வீட்டில் ஒரு டார்ச்சைப் பற்றிய கவலையிலேயே அது கழிந்தது.

முந்தைய ஓட்டத்தின் கடைசி நடையில் அப்பா தோணியின் சரக்கு அறை விளிம்பில் கால் தவறிச் சறுக்கியிருந்தார். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை தோல் உரிந்துபோய் வந்தார். அம்மா கேட்டதற்கு, டார்ச் மங்கிவிட்டது, அதனால்தான் என்றார். அம்மா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். நல்ல டார்ச் இல்லாமல் இனி தோணியில் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

போனிலேயே விளக்கு இருக்கிறதே என்று மாமா ஒருநாள் கேட்டார். அப்பா அதற்குள் இரண்டு போன்களை உப்புத் தண்ணீருக்குக் கொடுத்திருந்தார். அதுவும் போக, சரக்கு அறைக்குள் ஏணியில் இறங்கும்போது இரண்டு கையும் ஏணிக்கே வேண்டும், விளக்கைப் பல்லில்தான் கவ்வ வேண்டும். போனைக் கவ்விக்கொண்டு யார் இறங்குவது என்று அம்மா கேட்டாள். அவள் மனதில் ஒரு டார்ச் உருவாகியிருந்தது. சட்டைப் பையில் எந்நேரமும் கிடக்கிற அளவுக்குச் சின்னது, கடலில் விழுந்தாலும் அணையாதது, கீழே போட்டால் உடையாதது. போலீஸ்காரர்கள் இடுப்பில் செருகியிருக்கும் கறுப்பு டார்ச்சைப் பார்த்தபோதெல்லாம் அதை வாங்கிப் பார்க்கலாமா என்பதுபோல் நிற்பாள். விலை மட்டும் நம்மால் முடிகிறதாக இருக்க வேண்டும்.

அந்த மாதங்களில் அப்பா என்னிடம் அதிகப் பிரியமாக இருந்தார். மாதா கோயிலில் சாயங்காலப் பூசை முடிந்து திரும்பும்போது என் தோளில் கை வைத்துக்கொண்டே நடப்பார். மற்ற பிள்ளைகளின் அப்பாமார் முன்னால் போய்க்கொண்டிருப்பார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும். பக்கத்தில் வைத்த தண்ணீர்ச் செம்பை அவர் தட்டிவிட்டால் அம்மா திட்டுவாள், நான் துடைப்பேன்.

ஆவணி கடைசியில் ஒரு சனிக்கிழமை டார்ச் வாங்கப் புறப்பட்டோம். அம்மாதான் வருவதாக இருந்தது. சேலை மாற்றிக்கொண்டு நின்றவளை அப்பா வேண்டாம் என்றுவிட்டார்.

"இவ வரட்டும். டப்பாவுல எல்லாம் இங்கிலீசுல போட்டிருப்பான். இவதான் வாசிச்சிச் சொல்லுவா."

அம்மாவின் முகம் சுண்டிவிட்டது. நான் அதைக் கவனிக்காத மாதிரி செருப்பை மாட்டிக்கொண்டேன்.

முதலில் பஜாரில் நடைபாதைக் கடைகளைப் பார்த்தோம். மஞ்சளும் நீலமுமாகப் பிளாஸ்டிக் டார்ச்சுகள் குவிந்து கிடந்தன. அப்பா ஒவ்வொன்றையும் எரியவைத்து உள்ளங்கையில் அடித்துப் பார்த்தார். வெயிலில் ஒன்றும் தெரியவில்லை. நான் டப்பாவில் இருந்ததைச் சத்தமாக வாசித்தேன். ஒன்றில் ஒரு கிலோமீட்டர் என்று போட்டிருந்தது, அதைவிட மலிவான இன்னொன்றில் மூன்று கிலோமீட்டர். கடைக்காரர் நான் வாசிப்பதை மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா எல்லாவற்றையும் வைத்துவிட்டு நடந்தார். அவர் அப்படி ஒன்றும் பார்த்துப் பார்த்து வாங்குகிற ஆள் இல்லை. மீன்கூட முதல் கூடையிலேயே வாங்கிவிடுவார்.

கடைசியில் துறைமுகத்துக்குப் போகும் தெருவில் அண்ணாச்சி கடைக்கு வந்தோம். கயிறு, பெயின்ட், கப்பி, மிதவைச் சட்டை என்று தோணிக்காரர்களுக்கு வேண்டியதெல்லாம் அங்கே கிடைக்கும். அண்ணாச்சி கண்ணாடி அலமாரியைத் திறந்து நாலு டார்ச்சுகளை எடுத்து வைத்தார். எல்லாம் விரல் நீளத்துக்குச் சற்றே கூடுதல், கறுப்பு அலுமினியம். மிலிட்டரி டார்ச் என்றார். பட்டன் பின்பக்கம் இருந்தது. சட்டைப் பையில் மாட்ட ஒரு கிளிப். ஒன்று சார்ஜ் போடுவது. அப்பா அதைத் தயங்கித்தான் எடுத்தார், தோணியில் சார்ஜ் போட ஒரே ஒரு இடம்தான், அது தண்டலின் போனுக்கே சரியாக இருக்கும். மற்ற மூன்றும் பென்சில் செல் போடுவது. ஒன்றில் பட்டனை மூன்று முறை அமுக்கினால் வெளிச்சம் வெட்டி வெட்டி அடித்தது. திருடன் கண் கூசுவதற்கு என்று அண்ணாச்சி விளக்கினார். கடல் நடுவில் எந்தத் திருடன் வருவான் என்று அப்பா சிரித்தார். அன்று அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

நான் டப்பாவை வாசிக்கத் தொடங்கியதும் அண்ணாச்சி கையமர்த்தினார்.

"அதுல ஆயிரம்னு போடுவான், ரெண்டாயிரம்னு போடுவான். அதெல்லாம் நம்பாதீங்க தம்பி. உங்க கண்ணுதான் சொல்லணும்."

அப்பா நாலு டார்ச்சையும் கையில் அள்ளிக்கொண்டார். பிறகு, பின்னால் கிட்டங்கியில் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். சரக்கு அடைத்து வைக்கிற அந்த நீளமான அறைக்கு ஜன்னல் கிடையாது. அண்ணாச்சி கதவைத் திறந்துவிட்டு வாசலில் நின்றுகொண்டார். உள்ளே கயிறும் தாரும் சேர்ந்த வாசனை மூச்சை அடைத்தது. அப்பா கதவைப் பாதி சாத்தச் சொன்னார்.

"ஏளா, உள்ள எங்கனயாவது போயி நில்லு. எங்கன நிக்கன்னு சொல்லாத. நான் வெளிச்சம் அடிச்சிக் கண்டுபிடிக்கேன்."

எனக்கு இருட்டு பிடிக்காது. ஆனாலும் அப்பா சொன்னதால் கயிற்றுக் கட்டுகளைத் தடவிக்கொண்டு கொஞ்ச தூரம் போய் நின்றேன். ஒளியவில்லை. சுவரோரமாக, அவருக்குப் பத்தடி தள்ளி, வெறுமனே நின்றேன். முதல் டார்ச் எரிந்தது. வெளிச்ச வட்டம் எதிர்ச் சுவரில் விழுந்தது, ஒரு பெயின்ட் டின்னைப் பார்த்தது, நகர்ந்தது. வட்டத்தைச் சுற்றிப் பரவிய மங்கலான வெளிச்சத்திலேயே என் பாவாடையின் பூக்கள் எனக்குத் தெரிந்தன. அப்பா என்னைத் தாண்டித் தேடிக்கொண்டிருந்தார்.

விளையாடுகிறார் என்று நினைத்தேன். நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அப்படித்தான், கதவுக்குப் பின்னால் நிற்கும் என்னைக் காணோம் காணோம் என்று வீடெல்லாம் தேடுவார். ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் இன்னும் அப்படிச் செய்கிறாரே என்று கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. பிறகு அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அது விளையாட்டுக் குரல் இல்லை. கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்தவர்கள் கூப்பிடுகிற குரல்.

"இங்கனதானப்பா நிக்கேன்," என்றேன்.

வெளிச்சம் சட்டென்று திரும்பி என் முகத்தில் அடித்தது. அவர் மூச்சுவிட்ட சத்தம் கேட்டது. "சரி. இது வேண்டாம்," என்றார்.

இரண்டாவதிலும் அப்படித்தான். மூன்றாவதற்கு நான் இன்னும் கிட்டத்தில் நின்றேன். அதிலும் அவர் தேடினார். வெளிச்சம் என் காலடி வரை வந்து திரும்பிப் போனது. அம்மாவிடம் போக வேண்டும் போலிருந்தது. இங்கிருந்து வெளியே போக ஒரே வழி, அவர் ஏதாவது ஒரு டார்ச்சை நல்லது என்று சொல்வதுதான்.

நாலாவது டார்ச் எரிந்தது. வட்டம் சுவரில் ஊர்ந்து என் பக்கம் வந்தது. அது என்னைக் கடந்து போவதற்குள் நான் ஒரு எட்டு எடுத்து வைத்து அதன் நடுவில் நின்றுகொண்டேன்.

"இந்தா நிக்கியே," என்றார் அப்பா. அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. குரல் தெளிந்துவிட்டது. "இதுதான்ளா. இது நல்லா காட்டுது."

அந்த டார்ச்சை வாங்கினோம். அண்ணாச்சி ஒரு ஜோடி செல்லும் கழுத்தில் மாட்ட நாடாவும் சும்மா கொடுத்தார். அம்மா அதை வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தாள், தரையில் போட்டுப் பார்த்தாள், கடைசியில் தன் பல்லிலேயே கவ்விப் பார்த்துவிட்டு அப்பாவின் பையில் வைத்தாள். அவள் நெடுநாளைக்குப் பிறகு நிம்மதியாக இருந்ததைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பயம் கூடியது. அந்த டார்ச் என்னைக் காட்டவில்லை, நானாகப் போய் நின்றேன் என்று சொல்லத் தினமும் வாயெடுத்தேன். அதற்குள் தோணி போய்விட்டது.

அடுத்த வாரம் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். வெளிச்சம் வருவதற்குள் ஒரு எட்டு நகர்ந்துவிட்டேன் என்றேன். அவர் இரண்டு தடவை திருப்பிக் கேட்டார். பொய் சொன்னாயா என்றார், இல்லை என்றேன். கீழ்ப்படியாமல் இருந்தாயா என்றார், அதுவும் இல்லை. இதில் என்ன பாவம் என்று அவருக்குப் பிடிபடவில்லை போல. பரிகாரமாக மூன்று 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லச் சொன்னார். நான் முப்பது சொன்னேன். தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் கடற்கரை வரை போய், வருகிற தோணி எதுவென்று பார்த்துவிட்டு வருவேன்.

தோணி போன பதினேழாம் நாள் முதலாளி வீட்டிலிருந்து அம்மாவுக்குப் போன் வந்தது. மாலேயில் சரக்கு இறக்கும்போது அப்பா ஏணியிலிருந்து விழுந்துவிட்டார், தோள் எலும்பு முறிந்திருக்கிறது, உயிருக்கு ஒன்றும் இல்லை. அம்மா போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். நான் அவளருகில் போகவில்லை. என்னால்தான் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அப்பா கையைத் துணித் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு வந்து இறங்கினார். விழுந்தது நல்ல உச்சி வெயில் நேரம், மேலிருந்து இறங்கியதும் உள்ளே ஒன்றும் தெரியவில்லை, கடைசிப் படி தவறிவிட்டது என்றார். டார்ச் எரிந்ததா என்று அம்மா கேட்டாள். எரிந்தது, வாயில்தான் இருந்தது என்றார். அவ்வளவுதான், அவருடைய பையிலிருந்து டார்ச்சை எடுத்துக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு அம்மா அண்ணாச்சி கடைக்குப் போனாள். அண்ணாச்சி அன்று வாசலில்தானே நின்றார். நான் நகர்ந்ததைப் பார்த்திருப்பார். இப்போது சொல்லப் போகிறார்.

"இதை நம்பித்தான் அண்ணாச்சி அனுப்புனேன்," என்றாள் அம்மா. டார்ச்சை அவரிடம் நீட்டினாள்.

அண்ணாச்சி டார்ச்சை வாங்கித் தெருவைப் பார்த்து அடித்தார். எதிர்க் கடைச் சுவரில், அந்த வெயிலிலும், வட்டம் வெள்ளையாக விழுந்தது. அணைத்துவிட்டு அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்.

"இதுல கோளாறு இல்ல தங்கச்சி. அன்னைக்குப் பிள்ளை பக்கத்துல நிக்கி, இவரு தேடுதாரு. வெளாட்டுன்னு நெனச்சிட்டேன். முதல்ல கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

திருநெல்வேலியில் டாக்டர் அப்பாவின் கண்ணை வெகுநேரம் பார்த்தார். பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறது என்றார். நேரே இருப்பது தெரியும், பக்கத்தில் இருப்பது தெரியாது. இருட்டிலும், வெயிலிலிருந்து நிழலுக்குள் போகும்போதும் ஒன்றுமே தெரியாது. போனதைத் திருப்பிக் கொண்டுவர மருந்தில்லை, தோணியில் போகவே கூடாது. எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டபோது அப்பா அம்மாவைப் பார்க்காமல், ரெண்டு வருசம் இருக்கும் என்றார். திரும்பும்போது பஸ்ஸில் அம்மா அழுதாள்.

தோணி முதலாளி நல்லவர். கரையில் சரக்கு எண்ணுகிற பகல் வேலை கொடுத்தார். அப்பா இன்றும் அதற்குத்தான் போகிறார், இருட்டுவதற்குள் வீடு வந்துவிடுவார்.

அந்த ஒரு எட்டை நான் பல வருடம் சுமந்தேன். நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலிலிருந்து அவரோடு நடந்து வரும்போதுதான் சொன்னேன். அவர் நிற்கக்கூட இல்லை.

"தெரியும்ளா. செருப்பை உரசிட்டு வந்தியே, எனக்குக் கேட்டுச்சி."

பிறகு ஏன் நல்லதென்று சொன்னீர்கள் என்றேன். நாலில் ஒன்றாவது நல்லது என்று வர வேண்டாமா என்றார். எனக்குக் கோபம் வந்தது. அம்மாவைக் கூட்டிப் போயிருக்கலாமே, நான் சின்னப் பிள்ளைதானே என்று கேட்டேன்.

"அவளுக்கு முத டார்ச்சுலயே தெரிஞ்சிருக்கும்," என்றார்.

டார்ச் வாங்கப் போன அன்று டப்பா வாசிக்கத் தெரிந்த பிள்ளை என்று தெருவெல்லாம் நிமிர்ந்து நடந்தேன். வேறெதுவும் எனக்குத் தெரியாது என்ற தைரியத்தில்தான் அப்பா என்னைக் கூட்டிப் போனார் என்பது மட்டும் தெரியவில்லை.