மைதானத்தில் தமிழ் கிடையாது

தாம்பரத்தில் எங்கள் விமானப்படை முகாமின் உடற்பயிற்சிப் பொறுப்பை என் தலையில் கட்டிய அன்று அம்மா கேட்டாள், "அவ்ளோ படிச்சு, ஆபீஸராகி, கடைசில டிரில் டீச்சரா?" அம்மா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். பரீட்சை நெருங்கினால் டிரில் பீரியடைப் பிடுங்கிக்கொண்ட கூட்டத்தில் அவளும் ஒருத்தி. அந்தப் பாவம்தான் மகள் தலையில் விடிந்திருக்கிறது என்றேன்.

விசில் ஊதுவதுதான் என் வேலை என்று முகாமிலேயே பாதிப் பேர் நினைத்தார்கள். ஊதுவதற்கு முன்னால் இருக்கிற வேலை அவர்களுக்கு எங்கே தெரியும்? யாருக்கு உண்மையிலேயே முழங்கால் வலி, யாருக்கு அது வெறும் சாக்கு என்று பார்க்க வேண்டும். டாக்டர் சரியென்று சொல்லாத ஆளை ஓடவிடக் கூடாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் யாரும் சுருண்டு விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருவர் விழுந்தால் அது என் பொறுப்பு, எல்லோரும் தேறினால் அது அவரவர் திறமை. ஆனாலும் அந்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

மைதானத்தில் எனக்கு ஒரே ஒரு சட்டம்தான். அங்கே தமிழ் கிடையாது. எல்லா மாநிலத்துக்காரர்களும் இருக்கிற இடத்தில் ஊர்க்காரர்களோடு மட்டும் தமிழில் குழைந்தால், மற்றவர்கள் சலுகை காட்டுகிறேன் என்பார்கள். அதனால் கட்டளை எல்லாம் ஹிந்திதான். 'தௌட் கே சல்' என்றால் ஓடு. 'தம்' என்றால் நில். வெளியே அண்ணா என்று கூப்பிடுகிறவரைக்கூட உள்ளே பதவியைச் சொல்லித்தான் கூப்பிடுவேன்.

அப்படி வெளியே நான் அண்ணா என்று கூப்பிட்டவர் எங்கள் மெஸ்ஸின் சமையல் சார்ஜென்ட். குன்றத்தூர்க்காரர். அவர் போடும் வடைக்காகவே விடுமுறையைத் தள்ளிப்போட்டவர்கள் உண்டு. அந்த வருஷம் முகாமிலிருந்து ஒரு குழு இமயமலை ஏறப் போவதாக இருந்தது. சமைக்க ஒருவர் வேண்டும் என்றதும் அவர் முதல் ஆளாகப் பேர் கொடுத்துவிட்டார்.

"சர்வீஸ் மொத்தமும் ராஜஸ்தான், குஜராத், தாம்பரம்னே போச்சு மேடம். பனின்னா எனக்கு மார்கழிப் பனிதான் தெரியும். ஒருவாட்டி நெசப் பனிய கண்ணால பாத்துடணும்" என்றார்.

குழுவும் அவரைத்தான் கேட்டது. குறுக்கே நின்றது அவருடைய தொப்பை. ஓட்டத் தேர்வில் தேறாத யாரையும் மலைக்கு அனுப்ப முடியாது, அதில் கையெழுத்துப் போடுகிறவள் நான். முதல் தடவை ஓடிப் பார்த்தபோது பாதி தூரத்திலேயே நடக்க ஆரம்பித்துவிட்டார். காலைப் பயிற்சிக்கு ஏன் வருவதில்லை என்று ஹிந்தியிலேயே எகிறினேன்.

"நான் இங்க வந்து குதிச்சிக்கினு இருந்தா உங்களுக்கெல்லாம் இட்லி யார் மேடம் ஊத்துவா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் பெருமையாக நடத்திய காலைப் பயிற்சி, காலையில் வேறு வேலை இல்லாதவர்களுக்கானது. சமையல்காரர்கள், டிரைவர்கள், இரவுக் காவல் முடித்தவர்கள் என்று ஒரு கூட்டமே அதற்கு வெளியே நின்றது. மாலையிலும் ஒரு வகுப்பு வேண்டும் என்று மேலதிகாரியிடம் போனேன். சாயங்காலம் யார் வரப்போகிறார்கள் என்று கேட்டார். உங்கள் காலைச் சாப்பாட்டைச் சமைக்கிறவர்கள் வருவார்கள் சார் என்றேன். கொஞ்சம் சூடாகத்தான் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு அனுமதி கொடுத்தார்.

மாலை வகுப்பு களை கட்டியது. பயிற்சி விமானம் தலைக்கு மேல் உறுமிக்கொண்டு போக, கீழே டிரைவர்களும் சமையல்காரர்களும் ஒருவரையொருவர் கேலி செய்தபடி ஓடினார்கள். சார்ஜென்ட் கடைசியில்தான் வருவார். ஆனால் கட்டளைக்குக் கீழ்ப்படிவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. ஒருநாள் ஓடுகிறவர்களைப் பார்த்து நான் 'தம்' என்று கத்தினேன். ஓரமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த அவரும் பாட்டிலைச் சாய்த்த கையோடு அப்படியே நின்றுவிட்டார். தண்ணீர் சட்டையெல்லாம் வழிந்தது.

தொப்பைக்குக் காரணம் உப்புப் பார்ப்பது என்று கண்டுபிடித்தேன். அண்டாவுக்கு ஒரு கரண்டி ருசி பார்த்தால் ஒரு ஆள் சாப்பாடு உள்ளே போய்விடும். இனி வேறு யாராவது உப்புப் பார்க்கட்டும் என்று உத்தரவு போட்டேன். அந்த வாரம் சாம்பாரை வாயில் வைக்க முடியவில்லை. முகாமே என்னை முறைத்தது. கடைசியில் சமாதானமாகப் போனோம். அவரே ருசி பார்க்கலாம், ஆனால் டீஸ்பூனில்தான்.

தேர்வு நாள் வந்தது. என் மேல் எனக்கே நம்பிக்கை இல்லாததால் ஸ்டாப்வாட்ச்சை வேறொரு பிரிவின் அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். என் கையில் இருந்தால் கட்டைவிரல் தானாகவே தாமதிக்கும். டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்துச் சரியென்றார். மெஸ்ஸிலிருந்து பாதிப் பேர் ஏப்ரனோடு வந்து ஓட்டம் முடிகிற கோட்டுக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

சார்ஜென்ட் நன்றாகத்தான் ஓடினார். கடைசித் திருப்பம் தாண்டியதும் கால் தளர்ந்தது. வாய் திறந்துவிட்டது, கை தொங்கிவிட்டது. கோடு கண்ணெதிரே இருந்தது. ஸ்டாப்வாட்ச்காரர் நேரத்தை உரக்கச் சொல்ல ஆரம்பித்தார். எனக்குள் என்னவோ பொங்கிவிட்டது. சட்டமாவது ஒன்றாவது! கையை ஆட்டிக்கொண்டு அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"தம் கட்டுங்கண்ணா! தம்!"

மூச்சைப் பிடித்துக்கொண்டு விடாமல் ஓடுங்கள் என்றுதான் சொன்னேன். தாம்பரத்தில் யாரைக் கேட்டாலும் அதற்கு அதுதான் அர்த்தம். ஆனால் அந்த மைதானத்தில் என் வாயிலிருந்து அவர் ஒரு நாளும் தமிழ் கேட்டதில்லை. காதில் விழுந்தது 'தம்' மட்டும்தான்.

நின்றுவிட்டார். கோட்டுக்கு ஒரு கை தூரத்தில், கால்களைச் சேர்த்து, கைகளை விறைத்து, நெஞ்சை நிமிர்த்தி, சுதந்திர தின அணிவகுப்பில் நிற்பதுபோல நின்றார். அத்தனை களைப்பிலும் குதிகால் ஒட்டியிருந்தது.

"ஐயோ, ஓடுண்ணா!" என்று ஏப்ரன் கூட்டம் அலறியது. அவர் அசையவில்லை. மேடம் நிறுத்தினால் மேடம்தானே கிளப்ப வேண்டும்? எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. மறுபடியும் கத்தினேன்.

"தௌட் கே சல்!"

கட்டளை விழுந்ததுதான் தாமதம், பாய்ந்தார். கோட்டைத் தாண்டி, ஏப்ரன் கூட்டத்துக்குள் புகுந்து, இரண்டு பேரைக் கீழே தள்ளிவிட்டுத்தான் நின்றார். நான் ஸ்டாப்வாட்ச்காரர் முகத்தைப் பார்த்தேன். அவர் வாட்ச்சைப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார், பிறகு கட்டைவிரலை உயர்த்தினார். மயிரிழைதான். மெஸ் கூட்டம் அவரைத் தூக்கப் பார்த்து, முடியாமல் என்னைத் தூக்க வந்தது. முறைத்துத் தப்பித்தேன்.

சார்ஜென்ட் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார், "ஏன் மேடம் நிறுத்துனீங்க? எதுனா தப்பு பண்ணிட்டேனா?"

"நிறுத்தலண்ணா. தம் கட்டச் சொன்னேன். தமிழ்ல."

"நீங்க இன்னாத்துக்கு மேடம் இங்க வந்து தமிழ் பேசறீங்க?" என்று கேட்டவர் அப்படியே மல்லாந்து படுத்துச் சிரித்தார்.

சில வாரம் கழித்து ஒரு மாலை, மேடவாக்கம் நெரிசலில் ஒரு தண்ணி லாரிக்குப் பின்னால் ஸ்கூட்டரோடு மாட்டிக்கொண்டிருந்தேன். ஹெல்மெட்டுக்குள் வேர்வை ஊற்றியது. போன் அடித்தது, வீடியோ கால். எடுத்தால் திரை முழுக்க வெள்ளை. நடுவில் குல்லாயும் மப்ளருமாக எங்கள் சார்ஜென்ட்.

"மேடம், பாருங்க மேடம்! எங்க பாத்தாலும் வெள்ளையா கீது!" என்றார். போனை யாரிடமோ கொடுத்துவிட்டு, குனிந்து ஒரு கை பனியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். "உப்பே இல்ல மேடம்!" சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மேடம், இப்ப சொல்லுங்க, தம்னு. எவ்ளோ நேரம்னாலும் நிப்பேன்."

லாரி நகரத் தொடங்கியிருந்தது. பின்னால் ஆட்டோக்காரர் ஹாரனை விடவே இல்லை. ஸ்கூட்டரை ஓரம் கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, மேடவாக்கம் திரும்பிப் பார்க்கும்படி முழுக் குரலில் கத்தினேன்.

"தம்!"

பனியில் கால்களைச் சேர்த்து விறைப்பாக நின்றார். முகம் மட்டும் சிரித்தது. இந்தத் தடவை நானும் அவசரப்பட்டு ஓடச் சொல்லவில்லை.