கரிக்காத உப்பு

எழுத உட்கார உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பத்தாவது வரை படித்தவள். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுபவள். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பெரியம்மாவைப் பற்றி எடுத்துச் சொல்ல எங்கள் வீட்டில் இப்போது என்னை விட்டால் ஆள் இல்லை.

மரக்காணத்தில் எங்களுடையது உப்பளத்து வேலைக்குப் போகும் குடும்பம். பெரியம்மாவுக்குப் பிள்ளை கிடையாது. நான் அவள் பக்கத்தில்தான் படுப்பேன். ஒரு கோடையில் வேலை செய்துகொண்டிருந்தபோதே மயங்கி விழுந்தாள். இதயம் இடையிடையே துடிக்க மறந்துபோகிறது என்று புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இடது தோளுக்குக் கீழே, தோலுக்கு அடியில், பேஸ்மேக்கர் வைத்து அனுப்பினார்கள். தீப்பெட்டியைத் தைத்து வைத்ததுபோல் அந்த இடம் மேடாக இருக்கும். அதன்மேல் கை வைத்துக்கொண்டு தூங்குவது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

சில மாதம் கழித்து செக்கப்புக்கு வரச் சொல்லியிருந்தார்கள். சும்மா பார்த்து அனுப்பிவிடுவார்கள், வரும் வழியில் பரோட்டா வாங்கித் தருகிறேன் என்று பெரியப்பா சொன்னதால் நானும் ஒட்டிக்கொண்டேன்.

ஏசி போட்ட சின்ன அறை. மெஷின் பார்ப்பவர் இளவயதுக்காரர். ஒயர் வைத்த வட்டமான ஒரு சாமானை அந்த மேட்டின்மேல் வைத்துவிட்டு, தள்ளி உட்கார்ந்து ஒரு பொத்தானை அழுத்தினார். அசையாமல் படுத்திருந்த பெரியம்மாவின் கழுத்து நரம்பு, ஓடி வந்தவளுடையதுபோல் துள்ளத் தொடங்கியது. இன்னொன்றை அழுத்தினார். அடங்கியது. நான் அவருடைய விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து மெதுவாக்கப் போவதாகவும், அவளுடைய இதயம் தானாக எவ்வளவு துடிக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றும், கொஞ்சம் தலை சுற்றும், பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் பெரியம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. கண் திறந்துதான் இருந்தது, ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. சின்னக் குரலில் பேசினாள்.

"எங்க பார்த்தாலும் வெள்ளையா இருக்குது. நம்ம உப்பளம் மாதிரியே. காலெல்லாம் சில்லுங்குது. அள்ளி வாயில போட்டேன், கரிக்கலையே."

அவர் சட்டென்று எதையோ அழுத்தினார். பெரியம்மாவின் முகத்தில் களை திரும்பியது. இந்த நேரத்தில் சிலர் ஏதாவது உளறுவார்கள் என்று சொல்லிவிட்டு, திரையைப் பார்த்தபடி அவள் பெயரைக் கேட்டார். சொன்னாள். மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"இதுல ஹென்றின்னு இருக்குதே. யாரும்மா அது?"

பெரியப்பா தரையைப் பார்த்தார்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில்தான் அவர் சொன்னார். புதிது வாங்க நமக்கு வழியில்லை, வெளிநாட்டில் இறந்துபோன ஒருவருடையதைச் சுத்தம் செய்து தருவதாக டாக்டர் சொன்னார், நான்தான் சரி என்றேன், உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றதும் நான்தான் என்றார். எங்கள் பக்கம் பிணத்தின் மேல் கிடந்த எதுவும் வீட்டுக்குத் திரும்பி வராது. சுடுகாட்டுக்குப் போய்வந்தவர்கள் தலை முழுகாமல் வாசற்படி மிதிக்க மாட்டார்கள். இவளோ இத்தனை நாளும் அதை உள்ளேயே வைத்துக்கொண்டு சோறாக்கி, விளக்கேற்றி, என்னைப் பக்கத்தில் படுக்க வைத்திருக்கிறாள்.

பெரியம்மா முதலில் கேட்டது இதுதான். "ஆம்பளயா?"

பெரியப்பா தலையாட்டினார். அவள் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.

"எடுத்துடச் சொல்லுங்க."

"எடுத்தா நீ இருக்க மாட்ட. டாக்டர் சொல்லிட்டாரு."

பரோட்டா வாங்கினோம். யாரும் பிரிக்கவில்லை. பஸ் கூனிமேட்டைத் தாண்டும்போது பெரியம்மா என் காதருகில் குனிந்தாள்.

"ஆபரேசன் ஆன நாள்லேர்ந்து கண்ண மூடினா அங்கதான்டி நிக்கறேன். அது யாரோட அளம்னு தெரியல."

நான் ஜன்னலோரம் நகர்ந்துகொண்டேன். அன்றிலிருந்து அம்மாவிடம் போய்ப் படுத்தேன்.

பெரியம்மா சரியாகச் சாப்பிடவில்லை, வேலைக்கும் போகவில்லை. போய் எடுத்துவிட்டுத்தான் வருவேன் என்று ஒரே பிடி. பெரியப்பா டாக்டர் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார். இப்படியே அமாவாசை வந்தது. அதற்கு முந்தின நாள் குயிலாப்பாளையத்தில் இருந்த என் மாமாவுக்கு, பெரியம்மாவின் தம்பிக்கு, ஆள் அனுப்பினாள். அவர் ஆரோவில்லில் வேலை பார்த்தவர். வெள்ளைக்காரர்கள் என்ன சாப்பிடுவார்கள் என்று கேட்டு அனுப்பியிருந்தாள். மாமா பிரெட்டும் வெண்ணெயும் வாங்கிக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார்.

"காப்பிய பால், சக்கர இல்லாம வையி அக்கா. இல்லன்னா அந்தாளு கோச்சுக்குவாரு."

பெரியம்மா சிரிக்கவில்லை. அப்படியே கறுப்பாகப் போட்டாள்.

இரண்டு இலை போட்டாள். ஒன்றில் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு வடையும் பாயசமும். இன்னொன்றில் பிரெட், வெண்ணெய், காப்பி. கற்பூரம் ஏற்றப்போனவள் நின்றாள். உள்ளே போய் எங்கள் அளத்து உப்பை ஒரு பிடி அள்ளி வந்து அந்த இரண்டாவது இலையின் ஓரத்தில் வைத்தாள். புது இடத்துக்கு வந்து திகைத்து நிற்கிற விருந்தாளியிடம் பேசுவதுபோல் பேசினாள்.

"எங்க ஊரு உப்புங்க. இது கரிக்கும். சாப்பிட்டுப் பாருங்க."

கும்பிட்டுவிட்டுத் திரும்பியவள், "இருந்துட்டுப் போகட்டும்" என்று பெரியப்பாவிடம் சொன்னாள். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கு என்னைத் தன்னோடு படுக்கக் கூப்பிட்டாள். பயந்து பயந்து அந்த மேட்டின்மேல் கை வைத்தேன். அவள் உடம்பு சூடாகத்தான் இருந்தது. அந்த இடம் மட்டும் சில்லென்று இருந்தது.

அப்போது எங்கள் வீட்டில் டிவி கிடையாது. பனி என்றால் பெரியம்மாவுக்கும் எனக்கும் மார்கழியில் புல்லில் நிற்பதுதான். கல்யாணமாகி வந்த பிறகு, ஒரு நாள் சமைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தபோது, டிவியில் ஏதோ குளிர்நாட்டைக் காட்டினார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் தரையெல்லாம் வெள்ளை. ஒரு சிறுபிள்ளை அதைக் கையால் அள்ளி வாயில் போட்டுக்கொண்டு சிரித்தது. அடுப்பில் குழம்பு தீய்ந்ததுகூடத் தெரியாமல் நின்றிருந்தேன். பெரியம்மாவிடம் சொல்ல அவள் அப்போது இல்லை.

படையல் போட்ட மறுநாள் பெரியம்மா உப்பளத்துக்குச் சாக்குத் தைக்கப் போனாள். மீந்த பிரெட்டைப் பெரியப்பா டீயில் தொட்டுத் தின்றார்.