முகமூடி போடாத உமாபதி

உமாபதி தன் வாழ்க்கையில் போடப்போன முதல் ஓட்டை வேறு எவனோ போட்டுவிட்டான். ஐம்பத்தேழாம் வருடம், அரக்கோணத்தில். சலவைச் சட்டை மாட்டிக்கொண்டு வெயிலில் வரிசை நின்று உள்ளே போனால், மேஜைக்காரர் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, "உன் ஓட்டு காலையிலேயே விழுந்துடுச்சுப்பா, வூட்டுக்குப் போ" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கட்சி ஏஜெண்டுகள் சிரித்தார்கள். உமாபதி அந்த மேஜையைப் புரட்டிப் போட்டார். போலீஸ்காரர் பிடரியில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு போனார். அடி மறந்துவிட்டது. சிரிப்பு மறக்கவில்லை.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர்தான். ஆனால் கை இருக்கிறதே, அது பேசும். ரூர்கேலா இரும்பாலையில் சேர்ந்தார். அங்கே வந்திருந்த ஜெர்மன்காரர்கள் அவர் லேத் ஓட்டுவதைப் பார்த்துவிட்டு, அறுபத்திரண்டில் பயிற்சிக்கென்று ஜெர்மனிக்கே கூட்டி வந்தார்கள். சிபாரிசில் அல்ல, பொறுக்கி எடுத்து. பாஷை தெரியாது, பனி தெரியாது, வாயில் வைக்கச் சாப்பாடு கிடையாது. அப்படி வந்தவர் கார்ல்ஸ்ரூஹேயில் அந்த ஊர்ப் பையன்களோடு சரிசமமாக உட்கார்ந்து மைஸ்டர் என்கிற தொழில் வல்லுநர் பரீட்சை தேறினார். ஊரை ஒட்டிய டுர்லாஹில் சொந்தமாகக் கடைசல் பட்டறை வைத்தார். கதவில் தன் பெயரை எழுதிப் பலகை மாட்டினார். அந்தப் பலகையை அந்த ஊரில் எத்தனை படிப்பாளியால் மாட்ட முடிந்தது?

பட்டறைக்கு வந்த வேலையில் முக்கால்வாசி ஒரே இடத்திலிருந்து வந்தது. பம்பு செய்யும் கம்பெனி ஒன்று. அதில் பெரிய இன்ஜினியர் பார்த்தசாரதி, மயிலாப்பூர்க்காரர். அந்த ஊர் இந்தியர் கழகத்துக்கும் அவரே தலைவர். அவர் ஆர்டரை நிறுத்தினால் பட்டறை நிற்கும். இது இரண்டு பேருக்கும் தெரியும். பார்க்கும்போதெல்லாம் பார்த்தசாரதி அதை நினைவுபடுத்தவும் செய்வார்.

எழுபத்தைந்து ஜூனில், பிரதமரின் தேர்தல் செல்லாது என்று அலகாபாத் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. பதவி இறங்குவதற்குப் பதிலாக நெருக்கடி நிலை வந்தது. எதிர்த்து ஊர்வலம் போனவர்களை அங்கே ஜெயிலில் அடைத்தார்கள். அந்த இலையுதிர் காலத்தில் டில்லியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி கார்ல்ஸ்ரூஹேக்கு வருவதாகவும், கழகத்தின் சார்பில் மண்டபத்தில் வரவேற்பு என்றும் சேதி பரவியது. மண்டப வாசலில் எதிர்ப்புக் காட்டுவது என்று மாணவர்கள் சிலர் தீர்மானித்துப் போலீஸில் சொல்லி வைத்தார்கள். அவர்களுக்குத் தலைவன் சந்திரமௌலி, பௌதிக ஆராய்ச்சி மாணவன். ஒருநாள் பட்டறைக்கு வந்தான்.

"மிஸ்டர் உமாபதி, பேனருக்கு ரெண்டு கம்பு வேணும். கம்பு மட்டும் போதும், நீங்க வரவேண்டாம்."

"நான் வந்தா இன்னா?"

"இது கான்ஸ்டிட்யூஷன் விஷயம். யாராவது நிருபர் வந்து கேட்டா எக்ஸ்பிளைன் பண்ணணும். நீங்க..."

"நான் எட்டாவது. சொல்லேன், தொண்டையில மாட்டிக்கிச்சே."

சந்திரமௌலி பையிலிருந்து காகிதப் பைகளை எடுத்துப் பரப்பினான். கடையில் சாமான் போட்டுத் தரும் பழுப்புப் பைகள். கண்ணுக்கு இரண்டு ஓட்டை வெட்டியிருந்தது.

"இது இன்னாத்துக்கு?"

"முகமூடி. போட்டோ எடுத்து டில்லிக்கு அனுப்பிடுவாங்க. ஸ்காலர்ஷிப் போயிடும், பாஸ்போர்ட் போயிடும். யாரும் வாயே திறக்கறதில்லைன்னு முடிவு. கோஷமெல்லாம் பேனர்ல இருக்கு."

"திருடுனவன் மூஞ்சியத் தொறந்துக்கினு மாலை வாங்குறான். கேக்கப் போற நீங்க பையை மாட்டிக்கிறீங்க. நல்லாக்கீது. கம்பு தரேன், கூடவே நானும் வரேன். இந்த மூஞ்சியோட."

"உங்களுக்கென்ன சார், இழக்கறதுக்கு ஒண்ணும் இல்லை."

அந்த வார்த்தைக்கு அவனை அங்கேயே அறைந்திருக்க வேண்டும். உமாபதி பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு இரும்புக் குழாயை வெட்டிக் கொடுத்தார்.

வரவேற்புக்கு முதல்நாள் பார்த்தசாரதியே பட்டறைக்கு வந்தார். உட்காரவில்லை.

"ஓய் உமாபதி, நாளைக்கு ஹால் வாசல்ல சில பசங்க கூத்தடிக்கப் போறாளாம். நீர் அந்தப் பக்கமே வரப்படாது."

"கோர்ட்டே செல்லாதுன்ன தேர்தல் சார்."

"அதெல்லாம் டெக்னிகல். உமக்குப் புரியாது. உழைச்சோமா, சாப்பிட்டோமான்னு இரும். ஜனவரி ஆர்டரை இன்னொருத்தன் நாயா அலைஞ்சு கேட்டிண்டிருக்கான்."

அன்றைக்குச் சாப்பிடும்போது மனைவி அம்பிகாவிடம் சொன்னார். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பட்டறை போச்சுன்னா மறுபடி எவன்கிட்டயாவது போய்க் கைகட்டி நிக்கணும். நிப்பியா?"

"நிப்பேன்."

"நீயா? கண்ணாடியப் பாத்துக்கினு சொல்லு."

மறுநாள் மண்டப வாசலில் ஏழெட்டுக் காகிதப் பைகள் வரிசையாக நின்றன. பேனரின் ஒரு கம்பை உமாபதி பிடித்தார், மறு கம்பைப் பை மாட்டிய சந்திரமௌலி. டிராமிலிருந்து இறங்கிய ஜெர்மன்காரர்கள் நின்று பார்த்தார்கள். இரண்டு போலீஸ்காரர்கள் ஓரமாகச் சாய்ந்திருந்தார்கள். பைத் தலைகள் ஒரு சத்தமும் போடவில்லை. எல்லாம் திட்டம் போட்டபடியே நடந்தது, பார்த்தசாரதி அதிகாரியைக் கூட்டிக்கொண்டு காரிலிருந்து இறங்கும் வரைக்கும்.

வெள்ளி முடி, ஜரிகை அங்கவஸ்திரம், கழகத் தலைவர், மாதம் ஒருமுறை வீட்டுக்குக் கூப்பிட்டு சாம்பார் சாதம் போடுகிற மனிதர். அவர் நடந்து வந்ததுதான் தாமதம், பைகள் தானாக ஒதுங்கி வழிவிட்டன. கைகள் தானாகக் குவிந்தன. உள்ளேயிருந்து ஒன்றன்பின் ஒன்றாகக் குரல் வந்தது:

"நமஸ்காரம் சார்."

"வணக்கம் சார்."

"குட் ஈவினிங் சார்."

பெற்றவர்கள் ஊட்டி வளர்த்த மரியாதை, பைக்குள் போனால் மட்டும் சும்மா இருக்குமா? பார்த்தசாரதி நின்றார். வயிறு குலுங்கச் சிரித்தார்.

"நமஸ்காரம், நமஸ்காரம். யாரு, ரவிச்சந்திரனா? ஜலதோஷம் இன்னும் விடலையா? அட, சியாமளா! உங்கப்பாவுக்கு நானே எழுதறேன்."

பைகள் வெலவெலத்துப் போயின. சியாமளாவின் பைக்குள்ளிருந்து விசும்பல் கேட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டதும் உமாபதிக்கு உச்சந்தலை கொதித்தது.

சந்திரமௌலி ஒருவன்தான் தப்பித்தான். வீரத்தால் அல்ல. காற்றில் துணி இழுத்ததால் இரண்டு கையும் கம்பில் மாட்டிக்கொண்டிருந்தது. கை குவியாததால் வாயும் திறக்கவில்லை.

பார்த்தசாரதி அதிகாரியை உள்ளே அனுப்பிவிட்டு நேராக உமாபதியிடம் வந்தார்.

"நீர் வரப்படாதுன்னேன். போனாப் போறது, கூப்பிட்டான், வந்துட்டீர். அந்தப் பக்கம் கம்பைப் பிடிச்சிண்டிருக்கானே, அவன்தானே தலைவன்? பேரைச் சொல்லும். ஜனவரி ஆர்டர் உமக்குத்தான், நான் பொறுப்பு."

"பேரா? தெரியும். சொல்ல மாட்டேன்."

"அவன் உம்மை மனுஷனா மதிச்சிருக்கானா ஓய்?"

"மதிக்கல. அது எனுக்கும் அவனுக்கும் இருக்கிற தகராறு. நீ யாரு நடுவுல?"

கழகத் தலைவரை அந்த ஊரில் யாரும் 'நீ' என்று சொன்னதில்லை. பார்த்தசாரதி முகம் கறுத்தது.

"பட்டறையை இழுத்து மூடிடுவேன்."

"மூடு. நான் தொறந்தது, உன் கால்ல வுழுந்து தொறக்கல. இப்ப உள்ள போ. கள்ளத்தனமா ஜெயிச்சவங்களுக்கு மாலை போட நேரமாச்சு, போ!"

கடைசி வார்த்தையில் போலீஸ்காரர்களே நிமிர்ந்து நின்றார்கள். பாஷை புரியாத ஒரு ஜெர்மன் கிழவி கைதட்டினாள்.

வாரம் முடிவதற்குள் கம்பெனி வண்டி வந்து டிராயிங்குகளையும் மிச்ச இரும்பையும் ஏற்றிக்கொண்டு போயிற்று. உமாபதி ஒத்தாசைக்குக் கூட வராமல் வாசலில் கைகட்டி நின்று பார்த்தார். அடுத்துப் பெரிய லேத் விலைக்குப் போயிற்று, பிறகு சின்னது. பலகையைக் கழற்றும் நாளில் சந்திரமௌலி வந்தான். முகத்தில் பை இல்லை.

"சார், எனக்காக நீங்க இவ்வளவு..."

"உனுக்காகவா? உம்மூஞ்சிக்கா? கோள் சொல்லிப் பொழைக்கிற வம்சமில்ல எங்களுது, அவ்ளோதான். எனுக்கு இழக்க ஒண்ணும் இல்லன்னியே, வா, வந்து பாரு, எவ்ளோ இருந்துச்சுன்னு. பாத்தியா? இப்ப எறங்கு."

சந்திரமௌலி இறங்கிப் போனான். அப்புறம் அவன் அவரோடு பேசியதில்லை, அவரும் கூப்பிடவில்லை. நாற்பது வயதில் உமாபதி இன்னொருத்தன் பட்டறையில் கூலிக்கு லேத் பிடித்தார். அம்பிகா கேட்டதற்கு, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, "நிக்கிறேன் பாரு" என்றார்.

பொங்கலுக்குக் கழகம் அதே மண்டபத்தில் விழா வைத்தது. அவருக்கு அழைப்பு இல்லை. பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு அம்பிகாவோடு போய் முதல் வரிசை நடுவில் உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலியாகிக்கொண்டே போயின. பார்த்தசாரதி மேடையிலிருந்து இறங்கி வந்து குனிந்தார்.

"இது விருந்தினர் வரிசை. எழுந்திரும்."

"எழுப்பிப் பாரு."

பார்த்தசாரதி சுற்றிலும் பார்த்தார், மேடை ஏறினார். அன்றைக்கு அவர் பேசிய வரவேற்புரை முழுக்க, நேர் எதிரே உமாபதி காலுக்கு மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.