தொங்குபாறை அம்மன் அனுப்பிய கொழுந்து லொறி

என் நண்பன் ராமையா ஒரு தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரி வாசலில் தொடை முறிந்து, இரத்தம் வழியக் கிடந்தான். உள்ளே கட்டில் இருந்தது. மருந்து இருந்தது. மருந்துக்காரர் ஐயாவும் இருந்தார். அந்தத் தோட்டத்து வேலையாட்களின் பெயர் எழுதும் செக்ரோலில் ராமையாவின் பெயர் மட்டும் இல்லை. அதனால் அவனை உள்ளே தூக்க முடியாது என்றார்கள். அப்படிச் சொன்னவர்களும் நெற்றியில் திருநீறு பூசியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை பஜனையில் இதை நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் என் குரல் உயர்ந்துவிடுகிறது, பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று பூசாரி ஐயா குறைப்பட்டார். எழுதினால் சத்தம் கேட்காது என்பதால் எழுதித் தருகிறேன். கோபம் குறைந்துவிட்டது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

அது 1961, பங்குனி மாதம். நான் வட்டகொடைப் பக்கத்துத் தோட்டத்தில் ஃபாக்டரி மெஷின்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தேன். சீமைக்குத் திரும்பிப் போன உதவி மேனேஜர் சின்னத்துரை விட்டுச்சென்ற ஒரு பழைய மோட்டர் சைக்கிளை வாங்கி, நானே கழற்றிப் பூட்டி ஓடவைத்திருந்தேன். ராமையா எங்கள் லயத்து வரிசைவீட்டில் எனக்குப் பக்கத்துக் காம்பரா அறையில் இருப்பவன். தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன். மூன்றாவது நண்பன் காதர், தலவாக்கலையில் துணிக்கடை வைத்திருப்பவன். அவனிடம் சொந்த மோட்டர் சைக்கிள் இருந்தது. கோயில்களையும் மலைப்பாறைகளையும் இரண்டு நாள் சுற்றிவிட்டு வருவதென்று மூன்று பேரும் பேசி வைத்திருந்தோம்.

எனக்கும் காதருக்கும் அது உல்லாசப் பயணம். ராமையாவுக்கு அப்படியில்லை. அவன் மனைவி செல்லத்துக்கு அப்போது ஆறு மாதம். அதற்கு முன் இரண்டு கரு தங்காமல் போயிருந்தது. அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்து மலையில் தொங்குபாறை என்று ஒன்று இருக்கிறது. யானை அளவு பாறை ஒன்று, ஆட்டுக்குட்டி அளவு கல்லின் மேல் உட்கார்ந்திருக்கும். எத்தனையோ மழைக்கும் மண்சரிவுக்கும் அது அசைந்ததில்லை. அதன் அடியில் அம்மன் இருக்கிறாள். அங்கே மஞ்சள் துணியில் ஒரு கல்லை முடிந்து கட்டினால், அந்தப் பாறை நிற்பது மாதிரி வயிற்றில் கரு நிற்கும் என்று நம் ஜனங்களுக்கு நம்பிக்கை. தோட்டத்தின் பெயரை நான் எழுதமாட்டேன். இன்றைக்கும் நம் சொந்தக்காரர்கள் அங்கேதான் வேலை செய்கிறார்கள்.

முதல் நாள் சீதா எலியவுக்குப் போய், ஓடைக்கரைப் பாறையில் அனுமார் கால் பதித்த குழிகளைப் பார்த்தோம். ஹக்கல மலையை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. காதர் கோயிலுக்கு வெளியே நின்றுகொண்டு, “நீங்க சாமியக் கும்பிட்டுட்டு வாங்க, நான் பாறையப் பாத்துக்கிட்டு நிக்கிறேன். ரெண்டையும் படைச்சவன் ஒருத்தன்தானே” என்றான். இரவு நானுஓயாவில் என் சித்தப்பா வீட்டில் தங்கினோம். மறுநாள் காலை லிந்துலை வழியாக இறங்கி, பத்து மணிக்கெல்லாம் தொங்குபாறைக்கு ஏறிவிட்டோம். ராமையா மஞ்சள் துணியைக் கட்டிவிட்டு அழுதான். நான் அம்மனுக்குச் சும்மா ஒரு கும்பிடு போட்டேன். அப்போது எனக்கு அவளிடம் கேட்க ஒன்றும் இல்லை.

இறங்கும்போது ராமையா, “மச்சான், கொஞ்ச தூரம் நான் ஓட்டுறேன்டா” என்றான். எங்கள் தோட்டத்தில் அவனுக்கு ஓட்டப் பழக்கியவன் நான்தான். சரி என்று பின்னால் உட்கார்ந்தேன். காதர் முன்னால் போனான்.

தோட்டத்து மேனேஜர் துரையின் கார் வந்தால் சைக்கிளில் போகிறவன் இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். குடை பிடித்திருந்தால் மடக்க வேண்டும். தலைப்பாகையை அவிழ்க்க வேண்டும். இதை எவனும் எழுதி ஒட்டவில்லை. நாங்கள் நடக்கப் பழகும்போதே இதையும் பழகிவிடுகிறோம். வளைவில் எதிரே கறுப்புக் கார் வந்தது. காதர் டவுனில் பிறந்தவன், ஒதுங்கி வழிவிட்டு அவன்பாட்டுக்குப் போனான். ராமையா என்ன செய்தான் தெரியுமா? ஓடிக்கொண்டிருக்கும் மோட்டர் சைக்கிளில் இருந்து இறங்கப் பார்த்தான். ஒரு கால் தரையில் பட்டது. வண்டி சரளையில் சறுக்கி என்னைத் தேயிலைச் செடிக்குள் எறிந்தது. ராமையா மதகுச் சுவரில் மோதி, வண்டிக்கு அடியில் போனான். எலும்பு வெளியே தெரிந்தது.

அது எங்கள் துரை இல்லை. எங்கள் தோட்டமும் இல்லை. அந்தக் கார் நிற்கவும் இல்லை.

காதர் திரும்பி வந்து தான் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் ஓரத்தைக் கிழித்துத் தொடையை இறுக்கிக் கட்டினான். கொஞ்ச தூரத்தில் டிஸ்பென்சரி தெரிந்தது. இரண்டு பேருமாகத் தூக்கிப் போனோம். மருந்துக்காரர் ஐயா கதவுக்கு வெளியே வந்து பார்த்தார்.

“எந்தத் தோட்டம்?”

சொன்னேன்.

“எங்க செக்ரோல்ல பேரு இல்லையேப்பா. வெளியாள உள்ள எடுத்தா என் வேலை போயிரும். துரைகிட்ட துண்டு எழுதி வாங்கிட்டு வாங்க. இல்லாட்டி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க.”

“எதுலங்க கொண்டு போறது? தொடை முறிஞ்சவன மோட்டர் சைக்கிள்லயா உக்கார வைக்கிறது?”

காதர் அந்தத் துண்டைக் கேட்டுத் துரை பங்களாவுக்குப் பறந்தான். கால் மணி நேரத்தில் திரும்பியவன் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

“துரை கொழும்புக்குப் போயிட்டாராம். கார்ல துரை இல்ல மச்சான். நாய்தான் இருந்திச்சாம். கால்ல முள்ளுக் குத்திருச்சின்னு மிருக டொக்டர்கிட்ட கொண்டு போறாங்களாம்.”

சொல்லுங்கள், இதைக் கேட்டு ஒரு மனிதனுக்கு எப்படி இருக்கும்? நாய்க்கு முள் குத்தினால் கார் போகிறது. அதற்கு டிரைவர், அதற்கு டொக்டர். அந்த நாய்க்கு மரியாதை கொடுக்கப் போய்க் கால் முறிந்தவனுக்குத் துண்டு வேண்டுமாம்! நாயின் மேல் எனக்குக் கோபம் இல்லை, அது வாயில்லாத ஜீவன். வாய் இருந்த நாங்கள் தலைமுறை தலைமுறையாக வாயை மூடிக்கொண்டு இறங்கி நின்றோமே, அதை நினைத்துத்தான் வயிறு எரிந்தது. வண்டியை அவன் கையில் கொடுத்த என் மேலும் எரிந்தது.

ராமையாவின் முகம் வெளுத்துக்கொண்டு வந்தது. உதடு மட்டும் அசைந்தது. குனிந்து கேட்டேன். “செல்லத்துக்கிட்ட சொல்லாத மச்சான், பயந்துருவா” என்றான். அப்போதுதான் எனக்கு உயிர் போயிற்று. இவனை இழந்துவிட்டு, வயிற்றில் பிள்ளையோடு நிற்கும் அவள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

டிஸ்பென்சரி முற்றத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால் தொங்குபாறை தெரியும். நான் கைகூப்பவில்லை. கையை நீட்டித்தான் கேட்டேன்.

“ஆத்தா! இப்பத்தானே உன் காலடியில முடிஞ்சு போட்டுட்டு அழுதுட்டு வந்தான்? அந்த ஈரம் காயறதுக்குள்ள இப்படிப் பண்ணிட்டியே! நீயும் இந்தத் தோட்டத்து செக்ரோலப் பாத்துத்தான் கண்ணத் தொறப்பியா? உனக்கும் துரை துண்டு குடுக்கணுமா? அவன் பிள்ளையக் கேட்டு வந்தவன். அப்பனை எடுத்துக்கிட்டா நீ என்ன தெய்வம்? கல்லாத்தான் இருப்பேன்னா இரு. நான் இனி எந்தக் கல்லையும் கும்பிட மாட்டேன்!”

தொண்டை கிழியக் கத்தினேன். வேறு மந்திரம் எனக்குத் தெரியாது. வாழ்க்கையில் நான் முதன்முதலாக மனதாரச் செய்த பிரார்த்தனை அதுதான்.

பக்கத்தில்தான் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் கொட்டகை, மடுவம். மத்தியான நிறுவை முடிந்து, சாக்குச் சாக்காகக் கொழுந்தை ஏற்றிக்கொண்டு லொறி புறப்படத் தயாராக நின்றது. என் சத்தம் கேட்டுப் பெண்கள் கூடைகளோடு வந்துவிட்டார்கள். நாற்பது பேர் இருப்பார்கள். முதலில் வந்தவள் பெயர் பாக்கியம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். முப்பத்தைந்து வயது இருக்கும், மெலிந்த உடம்பு. ராமையாவைப் பார்த்தாள். மருந்துக்காரரைப் பார்த்தாள். நேராகப் போய் லொறியில் ஏறினாள். ஒரு சாக்கைக் காலால் உதைத்துக் கீழே தள்ளினாள்.

வேலையாட்களுக்குப் பேர் போடும் கணக்கப்பிள்ளை ஓடி வந்தார். “ஏய் பாக்கியம்! பைத்தியம் பிடிச்சிருச்சா? கொழுந்து சூடேறிப் போனா துரைக்கு யாரு பதில் சொல்றது? எறங்கு! இன்னிக்கு உனக்கு அரைப்பேருதான்!”

அரைப்பேர் என்றால் நாள் முழுவதும் மழையிலும் அட்டைக்கடியிலும் நின்றதற்கு அரை நாள் கூலிதான்.

“போட்டுக்குங்க ஐயா” என்றாள் அவள். “கொழுந்து அடுத்த வாரமும் முளைக்கும். இவன் முளைப்பானா?”

“நாலு நாளைக்கு வேலை இல்லன்னு நிப்பாட்டுவேன்!”

“நிப்பாட்டுங்க.”

அவள் இரண்டாவது சாக்கைத் தள்ளினாள். ஒரு நிமிடம் யாரும் அசையவில்லை. பிறகு இன்னொரு பெண் ஏறினாள். அவளுக்குப் பின்னால் இரண்டு பேர். அதற்கப்புறம் எண்ண முடியவில்லை. கணக்கப்பிள்ளை யாருக்கு அரைப்பேர் போடுவது என்று தெரியாமல் புத்தகத்தை வைத்துக்கொண்டு சுற்றினார். மேலே இருந்த சாக்குகள் எல்லாம் தரைக்கு வந்தன. அடியில் இரண்டு சாக்கை மட்டும் அவிழ்த்துக் கொழுந்தைப் பரப்பி, அதன் மேல் ராமையாவைக் கிடத்தினார்கள்.

லொறி டிரைவர் ஒரு சிங்கள அண்ணன். நமது பாஷை நன்றாகப் பேசுவார். “துரை கேட்டா நான் என்னா சொல்றது?” என்று தலையைச் சொறிந்தார்.

“பொம்பளைங்க எல்லாம் சேந்து மறிச்சுட்டாங்கன்னு சொல்லுங்க அண்ணே. பொய் இல்லியே” என்றாள் பாக்கியம்.

அவர் சிரித்துவிட்டு ஏறினார். லொறி நகரும்போது மருந்துக்காரர் ஐயா ஓடி வந்து ஒரு பொட்டலம் பஞ்சும் துணியும் ராமையா பக்கத்தில் ஏறியிருந்த என் மடியில் எறிந்தார். முகத்தைப் பார்க்கவில்லை. அம்மன் அவரை மன்னித்திருக்கலாம், அவளுக்குப் பெரிய மனது. எனக்கு இன்னும் வரவில்லை.

பெரியாஸ்பத்திரியில் செக்ரோல் கேட்கவில்லை. பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு உள்ளே தூக்கிப் போனார்கள். வெளியே வந்த டொக்டர், இரத்தம் நிறையப் போயிருக்கிறது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்வதற்கு இல்லை என்றார். காதர் அந்த வராந்தாவிலேயே துண்டை விரித்துத் தொழுதான். நான் பக்கத்தில் உட்கார்ந்து, கத்திய தொண்டையோடு அம்மனிடம் மன்னிப்புக் கேட்டேன். பாதிக்குத்தான் கேட்டேன். மீதிக் கோபம் நியாயமானது என்று அவளுக்கே தெரியும்.

ராமையா மூன்று மாதம் படுத்திருந்தான். ஆனி மாதம் செல்லம் பெண் குழந்தை பெற்றாள். இரண்டு பேரும் சுகம். அவனுக்குக் கால் சற்றுச் சாய்ந்துதான் நடக்கிறது. கவ்வாத்து மலைக்கு ஏற முடியாததால், ஃபாக்டரியில் இலை வாட்டும் மாடியில் வேலை வாங்கிக் கொடுத்தோம்.

ஆவணியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் பஸ்ஸில் தொங்குபாறைக்குப் போனோம். பொங்கல் வைத்தோம். நேர்த்தி முடிந்ததும் நான் செல்லத்தையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு பாக்கியத்தைத் தேடிப் போனேன். நாற்பது பேருக்கும் அன்று அரைப்பேர்தான் விழுந்ததாம். அவளை நாலு நாள் நிறுத்திவிட்டு, பிறகு யாரும் போக விரும்பாத தூரத்து மலைக்கு மாற்றியிருந்தார்கள். நான் அவள் காலில் விழப் போனேன், பிடித்துத் தூக்கிவிட்டாள்.

எனக்கு ஒரு ஆசை இருந்தது. அம்மன் காதில் வந்து சொன்னாள், உடம்பு சிலிர்த்தது, அதனால் ஏறினேன் என்று அவள் சொல்வாள், அதைப் பஜனையில் வந்து சொல்லலாம் என்று. “அன்னிக்கு உங்களுக்கு யாரு சொன்னாங்க அக்கா?” என்று கேட்டேன்.

“எனக்கு யாரும் சொல்லல தம்பி” என்றாள். “முன்ன ஒரு தடவ எங்க வீட்டுக்காரரு அந்த வாசல்லதான் கெடந்தாரு. மரம் விழுந்து நெஞ்சுல அடி. இங்க ஆவாது, பெரியாஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போவணும்னாங்க. கொழுந்து லொறி நின்னுச்சு. துரையக் கேக்காம ஏத்த மாட்டோம்னாங்க. இதே நாப்பது பேரும் கையக் கட்டிக்கிட்டு நின்னோம். நானும் நின்னேன். லொறி போயிருச்சு.”

அடுத்து ஒன்று கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது. “அன்னிக்கு நீங்க ஆத்தாவக் கூப்பிடலியா?”

“கூப்பிடாம இருப்பனா? மலையப் பாத்து அடிச்சுக்கிட்டு அழுதேன். அவ வந்திருப்பா தம்பி. எங்க ஒவ்வொருத்தர் மூஞ்சியையும் பாத்திருப்பா, யாராச்சும் அசைவாங்களான்னு. நாங்கதான் அசையல.”

குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, அதன் காலைத் தடவிக்கொண்டே இதைச் சொன்னாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

அடியார்களே, அதற்குப் பிறகு நான் கும்பிடும் விதம் மாறிவிட்டது. ஒவ்வொரு வெள்ளியும் விளக்கு வைக்கிறேன். கேட்க வேண்டியதைத் துணிந்து கேட்கிறேன். கோபமாகக் கேட்டாலும் அம்மன் கோபிப்பதில்லை என்பதற்கு நானே சாட்சி. ராமையாவின் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், அவளும் சாட்சி. கஷ்டம் வந்தால் ஆத்தாவைக் கூப்பிடுங்கள், நம்பிக் கூப்பிடுங்கள், வாயில் வந்ததைச் சொல்லியாவது கூப்பிடுங்கள். நிச்சயம் வருவாள். நம் தோட்டத்து வாசலில் நாளைக்கு எவனோ ஒருவன் கிடந்து அவளைக் கூப்பிடும்போதும் வருவாள். வந்து நம் முகத்தைத்தான் பார்ப்பாள். அன்றைக்கு எவரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள்.