அடுத்த வீட்டு அக்காவின் சாட்சி

எட்டு வயதில் எனக்கு ஒரு பெரிய மனக்குறை இருந்தது. எங்கள் வீட்டு ஜெபத்தில் எல்லோருக்கும் அழுகை வரும், எனக்கு மட்டும் வராது.

அப்போது புதுப்பட்டினத்தில் வாடகைக்கு இருந்தோம். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்தவர். சனிக்கிழமை சாயங்காலம் தெரிந்த குடும்பங்கள் சில எங்கள் கூடத்தில் பாய் விரித்து உட்காரும். பாட்டு முடிந்ததும் ஆளாளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சத்தமாக ஜெபிப்பார்கள். சற்று நேரத்தில் ஒவ்வொருவராகக் குரல் உடைந்து அழுவார்கள். "பிரசன்னம் இறங்கிட்டு" என்பார் அப்பா. அழுகை வந்தால் ஆண்டவர் வந்துவிட்டார் என்று நானும் முடிவு கட்டிக்கொண்டேன். என்னிடம் மட்டும் அவருக்கு என்ன கோபம் என்று உண்மையாகவே வருத்தப்பட்டேன். ஒருமுறை தலைவலித் தைலத்தைக் கண்ணுக்குக் கீழே தடவிக்கொண்டு உட்கார்ந்தேன். கண்ணீர் கொட்டியது, கூடவே மூக்கும். அம்மா என்னைக் குழாயடிக்கு இழுத்துப்போய் முகத்தைக் கழுவி, முதுகில் ஒன்று வைத்தாள். ஆண்டவர் வந்த மாதிரி தெரியவில்லை.

அப்பாவுக்கும் ஒரு குறை உண்டு. வருகிறவர்கள் எல்லோரும் பிறந்ததிலிருந்தே கிறிஸ்தவர்கள். புதிதாக ஒரே ஒரு ஆத்துமாவையாவது ஆண்டவரிடம் கொண்டுவர வேண்டும் என்பது அவருடைய தீராத ஆசை. ஆபீசில் கூப்பிட்டுப் பார்த்தார், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் பார்த்தார். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

கூப்பிடாமலே வந்தவள் அடுத்த வீட்டு அக்கா. செய்யூர்ப் பக்கம் நிலம் வைத்திருந்த குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். பிறந்த குழந்தை தொட்டிலில் போடுவதற்கு முன்பே போய்விட்டது. பெரிய பொட்டும் தலை நிறையப் பூவுமாக ஒரு சனிக்கிழமை நிலைவாசலில் வந்து நின்று, "நானும் கொஞ்ச நேரம் குந்திக்கட்டுமாக்கா?" என்று அம்மாவிடம் கேட்டாள். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. நல்ல பாயாகப் பார்த்து எடுத்துப் போடச் சொன்னார்.

ஜெபம் தொடங்கியதுதான் தாமதம், அக்கா அழுதாள். எல்லோரையும்விட அதிகமாக, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். அடுத்தடுத்த வாரங்களிலும் அப்படியே. பொறாமையில் நான் வெந்துபோனேன். ஒருநாள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து காதோடு கேட்டேன். "உங்களுக்கு மட்டும் எப்படிக்கா இவ்ளோ சீக்கிரம் வருது?"

"கண்ண மூடுனா போதும் பாப்பா. தானா வந்துடுது."

கிறிஸ்மஸ் மாதம் எங்கள் வீட்டு வாசலில் பெரிதாகக் கூட்டம் வைத்தோம். பந்தல், டியூப் லைட், தென்னை மரத்தில் தெருவைப் பார்த்த மாதிரி ஒலிபெருக்கிக் குழாய். எங்கள் கூட்டங்களில் சாட்சி சொல்வது வழக்கம். ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை ஒருவர் எழுந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். அன்றைக்கு அப்பா நேராக அக்காவிடம் போய் மைக்கை நீட்டினார்.

"வேணாண்ணா" என்று அவள் பின்னால் நகர்ந்தாள்.

"கூச்சப்படாதீங்க, தங்கச்சி. மனசுல உள்ளத ரெண்டு வார்த்தை சொல்லுங்க, போதும்."

சுற்றிலும் "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று உற்சாகப்படுத்தினார்கள். அக்கா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு ஜோடித்துப் பேசத் தெரியாது.

"எங்க வூட்ல நாத்தனாரு மாசமா கீறாங்க. அதால வூட்ல கண்ணீர் வுடக்கூடாதுன்னு மாமியா சொல்லிட்டாங்க. கொயந்த நெனப்பு வந்தா எங்க போய் அழறது? இங்க எல்லாரும் அழுறாங்க. நான் அழுதாலும் ஏன்னு யாரும் கேக்கறதில்ல."

கூட்டம் "அல்லேலூயா" என்றது. அப்பா பூரித்துப்போனார். அவள் சொன்னதில் ஆண்டவர் பெயரே வரவில்லை என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. தெருமுனை மளிகைக் கடைவரை கேட்டிருக்கும். அவள் மாமியார் காதில் விழாமல் இருக்குமா? மறுநாள் காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டது. "நம்ம வூட்டுக் கதைய கொழா கட்டி ஊருக்கே சொல்லிக்கினு வந்துகீறியாடி?"

அதற்குப் பிறகு அக்கா வரவில்லை. விதை பாறையில் விழுந்துவிட்டது, பின்வாங்கிப் போனாள் என்று எங்கள் ஆட்கள் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படியே நம்பினேன். அவளை மீட்டுக் கொண்டுவரும் பொறுப்பு என்னுடையது என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் மொட்டை மாடியில் வேர்க்கடலை காயவைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டேன். "ஏங்க்கா வர்றதில்ல? ஆண்டவர் உங்களைத் தேடுவாரு."

அக்கா சிரித்தாள். கோபமே இல்லை. "என்னியதான் அனுப்ப மாட்டேங்கறாங்களே பாப்பா. ஒங்க சாமி ஒரு தபா எங்க வூட்டுக்கு வந்தா இன்னா?"

நல்ல வேடிக்கையாக இருக்கிறதே என்று, மதியம் சாப்பிடும்போது அவளைப் போலவே பேசிக் காட்டினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அப்பா சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

இன்று கூடுவாஞ்சேரியில் என் வீட்டு ஜன்னலருகே நின்று அதை நினைத்துப் பார்க்கிறேன். அந்தக் குழந்தை இறந்தபோது நாங்கள் யாரும் துக்கம் கேட்கப் போகவில்லை. அங்கே கற்பூரமும் படையலும் இருக்கும், எதையாவது கையில் கொடுத்துவிடுவார்கள் என்று பயம். அதற்குப் பதிலாக எங்கள் கூடத்தில் முழங்காலிட்டு அந்த வீட்டுக்காக ஜெபித்தோம். மனதார ஜெபித்தோம், அதில் பொய்யில்லை. நடுவில் இருந்ததோ ஒரே ஒரு சுவர்.

அன்று அப்பா பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு, சட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார். நான் பின்னாலேயே ஓடினேன். அடுத்த வீட்டு கேட்டின் தாழ்ப்பாளில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திறக்காமலே திரும்பி வந்து எங்கள் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். தாழ்ப்பாள் இறுக்கமாக இருக்கிறதாக்கும் என்று நினைத்து, "நான் போய்த் திறக்கட்டுமாப்பா?" என்று கேட்டேன்.